ஸஹர் பாவாவின் பேரன் எந்த வகுப்பில்?



ஸஹர் பாவாவை உங்களுக்கு நினைவிருக்கிறதா? நோன்பு மாதத்தில் இரவு இரண்டரை, மூன்று மணிக்கு ஊர் அடங்கிக் கிடக்கும் நேரம் தூரத்தில் றபான் சத்தம் கேட்கும். முதலில் மெதுவாக, பின்னர் நம் வேலிக்கு அருகில் வந்துவிட்டதுபோல. பச்சைத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழைப் பாடிக்கொண்டு ஒழுங்கைக்கு ஒழுங்கை நடந்து போவார். உம்மா எழுந்து அடுப்பை மூட்டுவார். நாமோ பாயில் கிடந்தபடியே அந்தச் சத்தம் வந்து போவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். பெருநாளன்று காலையில் அதே பாவா வாசலுக்கு வருவார். வாப்பா சில்லறையும் உம்மா ஒரு சுண்டு அரிசியும் கொடுப்பார்கள். அவ்வளவுதான், அடுத்த நோன்பு வரைக்கும் அவரை நாம் மறந்துவிடுவோம்.

புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்தில் வளர்ந்த உங்களில் பலர் பாவாவுக்கு முன்னாலோ பின்னாலோ அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு நடந்த சிறுவனையும் கண்டிருப்பீர்கள். அவன் பாவாவின் மகனாகவோ பேரனாகவோ இருப்பான். அவன் எந்தப் பாடசாலையில், எந்த வகுப்பில் படித்தான் என்று நீங்கள் எப்போதாவது கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. அவன் என் வகுப்பிலேயே இருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அது 1996ஆம் வருடத்து நோன்பு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பில் விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்ற இருந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் காலையில் இரண்டு மணித்தியாலம் வகுப்பு நடத்தினோம். இரண்டாவது வாங்கில் இருந்த ஒரு பையன் தினமும் தூங்கி விழுவான். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் ஒன்பது மணிக்கே கண் சொருகிவிடும். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் எல்லோருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்தி ஏசினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைதான் சொன்னது: "டீச்சர், அவன் மூத்தாப்பாவோட ஸஹருக்கு லாம்பு தூக்கிட்டுப் போறவன்." அன்று அதிகாலை என்னை எழுப்பிவிட்டதும் அந்த மூத்தாப்பாவின் றபான்தான்.

கலையைப் பற்றியும் கலைஞர்களைப் பற்றியும் பேச்சு வரும்போதெல்லாம் அந்த இரண்டாவது வாங்கு என் கண்முன் வருகிறது. நம் நாட்டில் பாரம்பரியக் கலைஞருக்குக் கௌரவம் இல்லாமல் இல்லை. கலாசார அலுவல்கள் திணைக்களம் வருடந்தோறும் கலாபூஷணம் விருது வழங்குகிறது. நமது சமூகத்துக் கவிஞர்களும் எழுத்தாளர்களும் கிராமியக் கலைஞர்களும் அதைப் பெற்றிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது அறுபது வயதைக் கடந்தவர்களுக்குரிய விருது. பொன்னாடை தோளில் ஏறும்போது அந்த மனிதரின் பிள்ளைகள் படிக்கும் வயதைத் தாண்டிப் பல வருடங்கள் ஆகியிருக்கும். கலைஞன் வீட்டுக்கு அரசாங்கத்தின் கை நீள வேண்டிய காலம் பிள்ளைக்குப் பத்து வயதாக இருக்கும்போதுதான் என்பது என் அபிப்பிராயம். இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து நாட்டில் நடக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், நம் கரையில் கலைஞர் என்றால் யார் யார் என்பதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்.

நம் கரையின் கலைஞர்கள்

கலைஞர் என்றதும் மேடையும் ஒலிபெருக்கியும் நம் மனதில் வந்துவிடுகின்றன. நம்மூர்க் கலைஞர் பகலில் கடலுக்குப் போவார், அல்லது மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவார், உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருவார். இரவில் ஒரு கல்யாண வீட்டில் களிகம்பு அடிப்பார். வட்டமாக நின்று, இரண்டு இரண்டு பேராக முகம் பார்த்து, கையிலுள்ள கம்புகளைத் தாளம் பிசகாமல் மோதவிட்டு, உள்ளே போய் வெளியே வந்து சுற்றும் அந்த ஆட்டத்தை நீங்கள் மாப்பிள்ளை ஊர்வலத்திலோ சுன்னத்து வீட்டிலோ பார்த்திருப்பீர்கள். நடுவில் நின்று பாட்டெடுத்துக் கொடுக்கும் அண்ணாவியார்தான் அதன் உயிர். அவர் ஒரு வரி பாட, ஆடுகிறவர்கள் அதை ஏந்திப் பாட வேண்டும். ஒரு கம்பு பிந்தினால் அடுத்தவன் விரல் உடையும். எழுத்தில் இல்லாத பாட்டுக்கள் அவை. அண்ணாவியார் மௌத்தானால் அவருடன் எத்தனை பாட்டுக்கள் கபுறுக்குள் போகின்றன என்று கணக்குப் பார்த்தவர்கள் இல்லை.

பக்கீர் பாவாமாரின் பைத், சிலம்பம், ஊர்ப் புலவர்களின் கவி என்று இன்னும் பல உண்டு. புத்தளம் வரகவி செய்கு அலாவுதீனைப் போன்ற புலவர்களைத் தந்த மண்ணல்லவா இது! நம் அயலவர்களையும் மறக்க வேண்டாம். உடப்பு மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் பாடி ஆடும் மஞ்சா எல்லாம் இதே மாவட்டத்தின் சொத்துக்கள்தாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு இந்தக் கரையில் வந்திறங்கிய மன்னார், யாழ்ப்பாணச் சகோதரர்கள் கையில் கொண்டுவர முடிந்தது கொஞ்சம். பாட்டுக்களைத்தான் யாரும் பறிக்க முடியவில்லை.

சகோதரிகளே, உங்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்கத்தான் போகிறேன். உங்கள் உம்மும்மா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காகப் பாடிய தாலாட்டு எங்கே எழுதியிருந்தது? பனையோலையில் சாயம் தோய்த்து அவர் இழைத்த பாயின் கோலத்தை யார் வரைந்து கொடுத்தார்கள்? கல்யாண வீட்டில் குரவையிட முன்னுக்குக் கூப்பிடப்பட்ட மாமியும் சாச்சியும் கலைஞர் இல்லாமல் வேறு யார்? கலைஞர் விபரம் திரட்டப்படும்போது வீட்டு ஆண்களின் பெயரைத்தான் கொடுக்கிறோம். பெண்களின் பெயரைக் கொடுக்க நமக்கே தோன்றுவதில்லை.

இந்த இடத்தில் சில சகோதரிகளின் முகம் சுருங்குவது எனக்குத் தெரிகிறது. றபான் அடிப்பது கூடுமா, பைத் பாடுவது கூடுமா என்ற கேள்வி நம் ஊர்களில் பல வருடங்களாக இருக்கிறது. அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நான் பேச வந்தது பாவாவின் பாட்டைப் பற்றியல்ல, பாவாவின் பேரனைப் பற்றி. அவன் படிக்க வேண்டும் என்பதில் எந்த ஜமாஅத்துக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பத்ர் யுத்தத்தில் பிடிபட்ட கைதிகளில் எழுத்தறிந்தவர்கள், ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை நாம் மத்ரஸாவிலேயே படித்தோம். ஒவ்வொரு கைதிக்கும் மீட்புப் பணம் வாங்கியிருக்கலாம். அப்போது மதீனாவில் பணத்துக்கு எவ்வளவு தேவை இருந்தது! அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகளின் எழுத்தை வாங்கினார்கள். ஓர் அரசு பிள்ளைகளின் படிப்புக்காகத் தன் வருமானத்தை விட்டுக்கொடுத்த அந்தச் சம்பவத்தைப் புலமைப்பரிசில் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

கடலுக்கு அந்தப் பக்கம்

இனி, நான் சொன்ன பக்கத்து நாட்டு விஷயம். இந்தியாவில் மத்திய அரசின் கலாசார அமைச்சின் கீழ் டில்லியில் ஒரு மையம் இருக்கிறது. கலாசார வளங்களுக்கும் பயிற்சிக்குமான மையம் என்பது அதன் பெயர். 1982இலிருந்து அங்கே சிறுவர்களுக்குக் கலாசாரத் திறமைப் புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள். பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். இசை, நடனம், நாடகம், ஓவியம், கைவினை, அழிந்துகொண்டுபோகும் அரிய கலைகள் எல்லாம் அதில் அடக்கம். வருடத்துக்கு 650 பேருக்கு வழங்குவது திட்டம். அதில் 125 இடங்கள் பரம்பரையாகக் கலை செய்துவரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 100 இடங்கள் பழங்குடிப் பிள்ளைகளுக்கு, 30 இடங்கள் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு.

அந்த ஒதுக்கீட்டின் நியாயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நகரத்துப் பிள்ளை வகுப்புக்குப் போய்ப் பணம் கட்டி நடனம் பழகி, சான்றிதழோடு நேர்முகத்துக்கு வரும். பரம்பரைக் கலைஞனின் பிள்ளை தகப்பன் பின்னால் நடந்து பழகியது. அதனிடம் சான்றிதழ் இருக்காது. இரண்டு பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் கலையைப் பிறந்த வீட்டிலேயே கற்றுக்கொண்ட பிள்ளைதான் தோற்றுப்போகும். அதற்காகத்தான் தனி இடம். கொடுக்கும் தொகை பெரிதல்ல. வருடத்துக்கு 3,600 இந்திய ரூபாவும், கற்றுக்கொடுக்கும் குருவுக்குச் செலுத்தும் கட்டணமும் என்பது கணக்கு. ஆனால் ஒரு தடவை கிடைத்தால் அதோடு முடிந்துவிடுவதில்லை. பிள்ளை ஒழுங்காகப் பழகிவந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, முதற் பட்டம் முடியும்வரை அல்லது இருபது வயது வரை தொடரலாம்.

தமிழ்நாட்டில் வேறு வழி பிடித்தார்கள். 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். கரகாட்டம், தப்பாட்டம், தெருக்கூத்து, பாவைக்கூத்து என்று கிராமியக் கலை செய்கிறவர்கள் அதில் தங்களைப் பதிந்து அட்டை பெற்றுக்கொள்ள வேண்டும். அட்டை இருந்தால் விபத்துக்கும் திருமணத்துக்கும் மௌத்துக்கும் உதவி உண்டு. அவற்றோடு பிள்ளைகளின் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. அந்தப் பிள்ளை தகப்பனின் கரகத்தைத் தூக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பள்ளிக்கூடம் போகலாம், தொழிற்கல்வி படிக்கலாம், பட்டப் படிப்புக்கும் போகலாம். இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் அதே தமிழ்நாட்டில் உலமாக்களுக்கும் பள்ளிவாசல், மத்ரஸா பணியாளர்களுக்கும் ஒரு நல வாரியம் அமைத்தார்கள். மோதினாரின் பிள்ளையின் படிப்புக்கும் அங்கே அரசாங்க உதவி உண்டு.

ஆக, டில்லியின் பணம் பிள்ளை கலையைக் கற்பதற்கு. சென்னையின் பணம் பிள்ளை பாடம் படிப்பதற்கு. இரண்டும் கலைஞர் பிள்ளைக்கான உதவிதான், ஆனால் நோக்கம் வேறு. தென் கொரியாவில் 1962லேயே சட்டம் போட்டு, அருங்கலை தெரிந்த முதியவர்களை நாட்டின் சொத்தாக அறிவித்து மாதப் படி கொடுத்தார்கள், அவர்களிடம் பழகும் மாணாக்கருக்கும் உதவி கொடுத்தார்கள். அதுவும் டில்லி வழிதான்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால், நம் கரைக்கு முதலில் சென்னை வழிதான் வேண்டும் என்பேன். கலை தெரிந்த வீட்டுப் பிள்ளை என்பதற்காக அவனை லாம்போடு கட்டிவைக்கக் கூடாது. அவன் எஞ்சினியராகப் போனாலும் போகட்டும். படித்த பிள்ளைக்கு மூத்தாப்பாவின் பாட்டு வெட்கமாகத் தெரியாது, அதை எழுதிவைக்கவும் அவனால் முடியும். படிப்பை இழந்த பிள்ளைதான் அந்தப் பாட்டினால் தன் வாழ்க்கை போயிற்று என்று நினைத்து றபானைத் தூக்கி எறிகிறான். கற்பிட்டிப் பக்கம் அப்படி எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இங்கே கையில் இருப்பது

வெளிநாட்டுக் கதையைக் கேட்டுப் பெருமூச்சு விடுவதில் பயனில்லை. நம் நாட்டில் 1945இலிருந்து கல்வி இலவசம். 1980இலிருந்து பாடநூலும் 1993இலிருந்து சீருடைத் துணியும் இலவசம். இவ்வளவு உள்ள நாட்டில் கலைஞரின் பிள்ளை படிப்பை விடுகிறது என்றால், பாடசாலைக்குப் பணம் கட்ட முடியாமல் அல்ல. கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, ரியூசன் காசு, வீட்டில் ஒரு சம்பாத்தியம் குறைவது ஆகியவைதான் காரணம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் புலமைப்பரிசில்.

முதலாவது, நீங்கள் எல்லோரும் அறிந்த தரம் 5 பரீட்சை. வருடந்தோறும் மூன்று இலட்சம் பிள்ளைகள் அளவில் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் நல்ல பாடசாலைக்குப் போகலாம் என்பதை எல்லோரும் பேசுகிறோம். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மாதாமாதம் உதவிப்பணமும் உண்டு என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இருபதினாயிரம் பிள்ளைகள் அளவில் அதற்குத் தெரிவாகிறார்கள். 750 ரூபாவாக இருந்த அந்தத் தொகையை 1,500 ரூபாவாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடும். கொழும்புப் பிள்ளையின் புள்ளியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு உங்கள் பிள்ளை தோற்றுவிட்டதாக முடிவுகட்டி அடிக்காதீர்கள். நான் கண்ட கொடுமை இது.

இந்தப் பரீட்சையில் நம் கரைக்கென்று ஒரு சங்கடம் உண்டு. பரீட்சை பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டெம்பரில் வருகிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை நம் பக்கத்தில் கடல் கொந்தளிக்கும் காலம். வள்ளம் கரையில் கிடக்கும், வீட்டில் காசிருக்காது. கடைசி மூன்று மாதம் மாதிரி வினாத்தாள் வாங்கக் காசு தேவைப்படும் நேரமும் அதுதான். கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனியிலேயே அந்தச் செலவுக்கு ஒரு பேணியில் தனியாகப் போட்டுவைக்கும் ஓர் உம்மாவை எனக்குத் தெரியும். மூன்று பிள்ளைகளை அப்படித்தான் எழுதவைத்தார்.

அடுத்தது உயர்தரம். 2022இல் ஜனாதிபதி நிதியம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு கல்வி வலயத்திலும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் 30 பேரைத் தெரிவு செய்து, உயர்தரம் படிக்க மாதம் 5,000 ரூபா கொடுத்தார்கள். நம் மாவட்டத்தில் புத்தளம், சிலாபம் என்று இரண்டு வலயங்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட திட்டங்கள் வருடத்துக்கு வருடம் மாறும், தொகையும் மாறும். அதனால் சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரமே அதிபரிடம் போய், இந்த வருடம் என்ன விண்ணப்பம் வந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். அறிவித்தல் பலகையில் ஒட்டிய கடதாசி மழையில் கரைந்த பிறகு போய்க் கேட்பதில் பயனில்லை.

பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்ட மகாபொல இருக்கிறது. 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக அது உயர்வதாகவும் அதே 2025 திட்டத்தில் அறிவித்தார்கள். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்கள் என்று பதினாறு இருக்கின்றன. புத்தளம் அவற்றில் ஒன்று. விஞ்ஞானம், கணிதம் போன்ற துறைகளில் மாவட்ட அடிப்படையிலான இடங்களுக்கு மேலதிகமாக 5 வீதம் இந்தப் பதினாறு மாவட்டங்களுக்கும் கிடைக்கிறது. மாவட்டத்தை விட்டுக் கொழும்பில் யாரோ உறவினர் வீட்டில் வைத்துப் படிப்பிக்க ஆசைப்படும் பெற்றோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

கலையிலேயே நாட்டமுள்ள பிள்ளைக்கும் வழி மூடியில்லை. சாதாரண தரத்தில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் இருக்கின்றன. நம் பாடசாலைகளில் பெரும்பாலும் சித்திரத்தோடும் இலக்கிய நயத்தோடும் நிறுத்திக்கொள்கிறோம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் தமிழில் இவற்றைப் பட்டமாகக் கற்பிக்கிறது. அண்ணாவியாரின் பேரன் ஒருவன் அங்கே போய், களிகம்பைப் பற்றியே ஆய்வெழுதித் திரும்பிவந்தால் எப்படியிருக்கும்!

அரசாங்கத்துக்கு வெளியிலும் வாசல் உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியது இப்படிப்பட்ட பிள்ளைகளை நினைத்துத்தான். ஊர்ப் பைத்துல்மாலும் ஸகாத் குழுவும் இருக்கின்றன. ஆனால் பெருநாள் அரிசி கொடுப்பதுபோல அதையும் பாவா வீட்டுக்குத் தருமமாகக் கொடுக்கும்போது பிள்ளை தலைகுனிந்து வாங்குகிறது. புலமைப்பரிசிலை அது தலைநிமிர்ந்து வாங்கும்.

படிவத்தில் ஓர் இடம்

என் வகுப்புப் பையனின் கதையை இடையில் விட்டுவிட்டேன். ஏசிய அன்று அஸருக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். வாப்பா கடலில் தவறிப்போய் இரண்டு வருடம். உம்மா பாய் இழைத்துக்கொண்டிருந்தார். மூத்தாப்பா திண்ணையில் படுத்திருந்தார். எனக்கு எழுந்து ஸலாம் சொன்னார், கண் சரியாகத் தெரியவில்லை. லாம்பு தூக்க ஆளில்லாவிட்டால் பள்ளத்தில் விழுந்துவிடுவார். அந்த வீட்டின் நோன்பு மாத வருமானம் அவருடைய றபான்தான். நான் என்ன சொல்வது? வகுப்பில் ஒன்பது மணிக்கு அவனைப் பின்வாங்கில் ஒரு மணித்தியாலம் தூங்கவைத்து, பிறகு பாடம் கொடுத்தேன். அதிபர் கண்டும் காணாததுபோல இருந்தார்.

அந்த வருடம் அவன் வெட்டுப்புள்ளியைத் தாண்டினான். பரிசில் கைக்கு வருவதற்குள் பட்ட பாடுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர். சான்றிதழில் முஹம்மது என்று முழுதாக, இடாப்பில் வெறும் எம். மட்டும். வருமானத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் தேவைப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, படிவத்தில் பாதுகாவலரின் தொழில் என்று ஓர் இடம்.

"இதுல என்னத்த எழுதுற டீச்சர்?" என்று உம்மா கேட்டார். "மாமா பாவா. அது தொழிலா?"

நானும் யோசிக்காமல் "கூலி" என்று எழுதச் சொன்னேன். ஐம்பது வருடமாக ஊரை எழுப்பிய மனிதர் அரசாங்கக் கடதாசியில் கூலியாகப் பதிவானார். இன்று எழுதுவதாக இருந்தால் "பாரம்பரியக் கிராமியக் கலைஞர்" என்று எழுதச் சொல்வேன்.

ஏனென்றால், ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கலாசார அலுவல்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு, எந்தப் பிரிவில் நீங்கள் இருந்தாலும் அவரைப் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டில் களிகம்பு அண்ணாவியார் இருக்கிறாரா, பாவா இருக்கிறாரா, தாலாட்டுப் பாடும் உம்மும்மா இருக்கிறாரா, அவர் பெயரைக் கலைஞர் விபரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். என்ன கலை, எத்தனை வருடம், யாரிடம் பழகினார், எங்கே எங்கே செய்தார் என்று ஒரு தாளில் எழுதி, பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதத்தையும் பழைய கல்யாண வீட்டுப் படம் இருந்தால் அதையும் இணைத்துக் கொடுங்கள். அந்த மேசையிலேயே, கலைஞர் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு இந்த வருடம் என்ன உதவி வந்திருக்கிறது என்றும் கேளுங்கள். ஒரு தாய் கேட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஒரே பிரிவிலிருந்து முப்பது தாய்மார் கேட்டால் அந்தக் கேள்வி மேலே போகத்தான் வேண்டும். தமிழ்நாட்டு வாரியமும் ஒரே நாளில் வானத்திலிருந்து விழுந்ததல்ல.

பிள்ளை நாலாம் வகுப்பில் இருக்கும்போதே பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை இடாப்பையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். 1990இல் எல்லாவற்றையும் விட்டுவந்த குடும்பங்களில் பெரியவர்களின் பத்திரங்கள் இன்றுவரை சீராகாமல் இருக்கின்றன. அதன் சுமை பேரப்பிள்ளையின் விண்ணப்பத்தில் வந்து விழுகிறது. பிரதி எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். பிள்ளையின் பெயரில் ஒரு வங்கிப் புத்தகமும் வேண்டும்.

அந்தப் பையன் உயர்தரம் வரை படித்தான். இன்று ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறான். மூத்தாப்பா மௌத்தாகி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. போன நோன்பில் அவன் வீட்டுக்கு இஃப்தாருக்குப் போயிருந்தேன். றபான் முன்னறைச் சுவரில் தொங்குகிறது, தோல் தளர்ந்துவிட்டது. ஸஹருக்கு எல்லோரும் போன் அலாரத்தில்தான் எழும்புகிறார்கள். அவன் மகள் நாலாம் வகுப்பு. மூத்தாப்பா பாடியவற்றில் அவனுக்கு நினைவிலிருந்த பதினொரு பாட்டை அவள் ஒரு சதுரக் கொப்பியில் எழுதிவைத்திருந்தாள். பன்னிரண்டாவது பாட்டில் நடுவில் இரண்டு வரி வரவில்லையாம். ஏத்தாளையில் ஒரு பெரியவருக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பாவும் மகளும் அங்கே போக இருந்தார்கள்.